யாரும் இறங்காத தண்ணீர்

லிசாவுக்குக் கோபம் வந்தால் முதலில் காதுதான் சுடும். செம்பூர் அலுவலகத்தின் ஏசி நேராக அவள் பிடரியில் வீசிக்கொண்டிருந்தும் அன்றைக்கு இரண்டு காதும் தணலாகக் கிடந்தன. கணினித் திரையில் ஒரே சொல் மேலிருந்து கீழ்வரை வரிசை கட்டி நின்றது. இல்லை. இல்லை. இல்லை.

கேட்டிருந்த கேள்வியில் சிக்கல் ஒன்றுமில்லை. 'இந்த நீரில் நீங்களோ உங்கள் வீட்டாரோ இறங்குவதுண்டா?' தாராவியின் ஓரமாகக் கடலுக்குப் போகும் காடி என்கிற கழிமுகத்தை ஒட்டிய சந்துகளில் சுரேந்திரன் வீடு வீடாக ஏறி இறங்கிக் கேட்டு, டேப்லெட்டில் குத்திக்கொண்டு வந்திருந்தான். அலுவலகத்திலேயே வேலையில் குறை வைக்காதவன் என்று பெயர் வாங்கியவன். பதில் சொன்னவர்களின் பெயர், வயது, தொழில் எல்லாம் சுத்தமாக இருந்தது. தெரசம்மாள், ஐம்பத்தாறு, கம்பெனியில் பேக்கிங். நீரில் இறங்குவதுண்டா? இல்லை.

தெரசம்மாள் லிசாவின் அம்மா. காடித் தண்ணீரில் தொடை மூழ்க நின்று, கணேசபாண்டியன் குடோனுக்கு வரும் பங்காரை, அதாவது பழைய பிளாஸ்டிக் தாள்களை, மிதித்துக் கழுவுவதுதான் அவளுடைய வேலை. லிசா பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கும் முன்பிருந்தே அதுதான் வேலை. கல்லூரி சேரும்வரை விடுமுறை நாட்களில் லிசாவும் அவளுக்குப் பக்கத்தில் நின்று மிதித்தவள்தான்.

சில வருஷங்களுக்கு ஒரு தடவை அரசாங்கம் கூடி உட்கார்ந்து, ஆறு, ஏரி, ஓடை, காடி என்று ஒவ்வொரு நீரையும் எதற்காக வைத்திருக்கிறோம் என்று மறுபடி தீர்மானிக்கும். குடிக்கவா, குளிக்கவா, மீன் பிடிக்கவா, இல்லை சாக்கடையைக் கடலில் கொண்டு சேர்ப்பதற்கு மட்டுமா? எதற்கு என்று முடிவாகிவிட்டால், அது எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதும் முடிவாகிவிடும். இந்த முறை நகரத்து நீர்களுக்கான முன்வேலைகளை லிசாவின் கன்சல்டன்சி எடுத்திருந்தது. தாராவிப் பக்கத்துத் துண்டு இதுவரை மனித உடல் படும் நீர் என்ற வகுப்பில் இருந்தது. அந்த வகுப்புக்குரிய லட்சணத்தில் அது ஒருநாளும் இருந்ததில்லை. ஆனாலும் காகிதத்தில் அந்தப் பெயர் இருக்கும்வரை, மேலே கழிவைத் திறந்துவிடுகிறவர்களை யாராவது ஒருவர் கோர்ட்டுக்கு இழுக்க முடியும். யாரும் இறங்குவதில்லை என்று எழுதியாகிவிட்டால் அது ஒரு படி கீழே போய்விடும். பிறகு கேட்க வாயே இருக்காது. பிள்ளை தேறாது என்று தெரிந்ததும் பாஸ் மார்க்கைக் குறைத்துவிட்டு, பள்ளிக்கூடம் நூற்றுக்கு நூறு என்று பலகை மாட்டுகிற வேலை.

"அந்த ஸ்ட்ரெச் முடிஞ்சுடுத்தாம்மா?" ஜெயராம் சார் அவள் மேஜைப் பக்கம் வந்து நின்றார். அவர்தான் முதலாளி. மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். ஆளைப் பார்த்துக் கத்தத் தெரியாதவர். பண்டிகைக்குத் தன் வீட்டில் செய்த முறுக்கை டப்பாவில் கொண்டுவந்து மேஜை மேஜையாகக் கொடுப்பவர்.

"சார், இது தப்பா இருக்கு. அங்க ஆளுங்க இறங்குறாங்க."

"நம்ம சுரேந்திரன்தானே போனான்? அத்தனை பேரும் இல்லேன்னுட்டாளே. உனக்கு எப்படித் தெரியும்?"

சொல்ல வேண்டிய வாக்கியம் லிசாவின் நாக்கு நுனி வரை வந்தது. வந்தது, வெளிச்சத்தைப் பார்த்ததும் கரப்பான்பூச்சிபோலத் திரும்பி ஓடிவிட்டது.

"ட்ரெயின்ல போறப்போ பாத்திருக்கேன் சார்."

ஜெயராம் சிரித்தார். கேலி இல்லாத நல்ல சிரிப்பு. "ட்ரெயின் ஜன்னல் வழியா பாத்ததை டேட்டான்னு எப்படிம்மா போடறது? வெள்ளிக்கிழமை கமிட்டி ஹியரிங். அதுக்குள்ள டிராஃப்ட் ரெடியாகணும். நீதான் மினிட்ஸ் எடுக்கறே, ஞாபகம் இருக்கோல்லியோ?"

அவர் போனதும் அவள் கழிவறைக்குப் போய்க் கையைக் கழுவினாள். கழுவ ஒன்றுமில்லை. இந்த அலுவலகத்தில் அவள் செம்பூர் லிசா. செம்பூரில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்து அங்கே மூன்று வருஷமாக இருக்கிறாள் என்பதால் அது பொய்யுமில்லை. சொந்த ஊர் எங்கே என்று யாராவது கேட்டால் தூத்துக்குடி என்பாள். அதுவும் பொய்யில்லை. இரண்டு உண்மைகளுக்கு நடுவில் இருந்த இருபத்தேழு வருஷம்தான் எங்கேயும் இல்லை.

சுரேந்திரனை எந்தச் சந்துக்கு, எந்த நேரத்தில் அனுப்புவது என்று தீர்மானித்தவளே அவள்தான். மத்தியானம் போ, அப்போதுதான் ஆள் இருப்பார்கள் என்று சொன்னாள். மத்தியானம் அந்தப் பெண்கள் தண்ணீருக்குள் நிற்பார்கள். அவர்களே சொல்லிவிடுவார்கள், தான் சொல்ல வேண்டியிருக்காது என்பது கணக்கு. அந்தக் கணக்கின் யோக்கியதை என்னவென்று இப்போது யோசித்தபோது அவளுக்குச் சுரேந்திரன் மேல் கோபம் வந்தது. அது நிற்காமல் நழுவி அம்மாவின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. அம்மாவின் மேல் கோபப்படுவது எப்போதுமே சுலபம்.

அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு சயன் ஸ்டேஷனில் இறங்கி, வெயிலில் நடந்தே காடிக்கரைக்குப் போனாள்.

கடல் வற்றியிருந்த நேரம். கறுத்த தண்ணீரில் ஐந்தாறு பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நுரை கிளம்ப பிளாஸ்டிக் தாளை மிதித்துக்கொண்டிருந்தார்கள். கரையில் கழுவிய தாள்கள் குவியலாகக் கிடந்து வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. நாற்றம் முதல் மூச்சில் அடித்தது, ஐந்தாவது மூச்சில் மறந்துபோனது. மறந்துபோனது என்பதே லிசாவை இன்னும் கொஞ்சம் எரித்தது.

"எம்மா!"

தெரசம்மாள் நிமிர்ந்தாள். "என்னட்டி, இந்நேரத்துக்கு வந்து நிக்க? ஒடம்புக்கு என்ன?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. நீ எங்க நிக்க?"

"எங்க நிக்கேன்? இங்கதான் நிக்கேன்."

"தண்ணிக்குள்ளதானே நிக்க?"

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"தண்ணியில எறங்குவியான்னு ஒரு ஆளு வந்து கேட்டான்லா? அவங்கிட்ட என்ன சொன்ன? இந்தா, இப்பிடித் தொடை வரைக்கும் நின்னுக்கிட்டே இல்லன்னு சொன்னியா?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற பார்வதியம்மாள் முந்திக்கொண்டாள். மாட்டுங்கா லேபர் கேம்பிலிருந்து தினம் நடந்து வருகிறவள். இருபது வருஷமாக அம்மாவோடு ஒரே இடத்தில் மிதிக்கிறவள். "சே, அப்பிடியா சொல்லுவோம்? அவன் டையக் கட்டிக்கிட்டு வாரதப் பாத்ததும் எல்லாரும் கரையேறி, சேலைய எறக்கி விட்டுட்டு, மூஞ்சத் தொடச்சிக்கிட்டு, அதுக்குப் பெறகுல்லா இல்லன்னு சொன்னோம். ஒங்கம்மா வீட்டுக்கே போயி கதவச் சாத்தி, தட்டுன பெறகு தொறந்தா."

தண்ணீரில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். லிசாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"சிரிங்க. ஒங்க சிரிப்பு எங்க போயி முடியும் தெரியுமா? ஒருத்தரும் எறங்கலன்னு எழுதி, வெள்ளிக்கெழம மாட்டுங்கா மண்டபத்துல கூட்டம் போட்டு இந்தத் தண்ணிய சாக்கடைன்னு தீர்மானம் போடப் போறான். அதுக்குப் பெறகு மேல உள்ளவன் எத வேணாலும் தொறந்து விடுவான். கேக்கவே முடியாது."

"இப்போ மட்டும் பன்னீரா தொறந்து விடுதான்?" என்றாள் அம்மா.

"உண்மையச் சொல்ல என்ன கேடு ஒனக்கு?"

தெரசம்மாள் மிதித்து முடித்த தாளை அள்ளிக் கரையில் எறிந்துவிட்டு ஏறி வந்தாள். கால் விரல்களின் இடுக்கெல்லாம் சேற்றுப்புண் வெளுத்துப் பிளந்திருந்தது. கரையில் வைத்திருந்த நல்ல தண்ணீர் கேனிலிருந்து கொஞ்சமாகச் சாய்த்துக் காலைக் கழுவினாள். பிறகு மகளின் முகத்துக்கு நேரே குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"கோயில்ல மாதா சபையில நான் கம்பெனியில பேக்கிங்னு சொல்லி வச்சிருக்கேன். பத்துப் பன்னெண்டு வருசமா சொல்லுதேன். அதச் சொல்லி அசிங்கப்பட முடியாதுன்னுதான் மொதல்ல இல்லன்னேன். அது ஒண்ணு. ரெண்டாவது கேளு. எறங்குதோம்னு சொன்னா என்ன செய்வான்? தண்ணியச் சுத்தம் பண்ணுவான்னு நெனைக்கியா? எங்களத்தாம்ட்டி சுத்தம் பண்ணுவான். லைசென்ஸ் இல்ல, பெர்மிசன் இல்லன்னு ரெண்டு போலீச நிப்பாட்டி, இந்தக் கரையில வேலி போட்டுட்டுப் போவான். தண்ணி அதே தண்ணியாத்தான் ஓடும். நாங்க எங்க போவோம்?"

"அதுக்காக..."

"நீ ஒங்க ஆபீசுல ஒன் வீடு எங்கன்னு சொல்லியிருக்க?"

லிசாவின் பார்வை கரையில் குவிந்திருந்த தாள்களுக்குப் போனது.

"ம்," என்றாள் அம்மா. ஈரச் சேலையைப் பிழிந்தாள். "அப்போ எங்கிட்ட உண்மை கேக்காத."

அன்று இரவு செம்பூர் அறையில் லிசா டிராஃப்டை முடித்தாள். சுத்தமான வேலை. அந்தத் துண்டுக்கு எதிரில் 'மனிதத் தொடர்பு: பதிவாகவில்லை' என்று அவளே தட்டினாள். அம்மா சொன்னது சரி என்று மனசின் ஒரு பாதி சொன்னது. சரியென்றால் இந்த எரிச்சல் ஏன் அடங்கவில்லை என்று மறுபாதி கேட்டது. இறங்குகிறேன் என்றால் விரட்டுவார்கள், இறங்கவில்லை என்றால் விஷத்தைத் திறப்பார்கள். எந்தப் பதிலைச் சொன்னாலும் சொன்னவளுக்கே அடி விழும் என்றால் அது என்ன கேள்வி? இப்படிக் கேட்கிறவன் கேள்வியை எங்கிருந்து எடுக்கிறான்? பல் தேய்க்கும்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. கேள்வியை மாதிரித் தாளிலிருந்து எடுத்து, மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும் மாற்றிக் கொடுத்தது அவள்தான். 'இறங்குவதுண்டா' என்ற சொல் அவளுடைய சொல்.

வெள்ளிக்கிழமை ஹியரிங் மாட்டுங்காவில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் நடந்தது. சுவரில் முந்தின நாள் முகூர்த்தத்தின் பூச்சரங்கள் வாடித் தொங்கின. மேடையில் கமிட்டியின் தலைவர், பக்கத்தில் இரண்டு உறுப்பினர்கள், ஓரத்தில் ஜெயராம். கீழே நாற்காலிகள் பெரும்பாலும் காலி. இரண்டு ஆலைச் சங்கத்து ஆட்கள், ஒரு பத்திரிகைக்காரர், மதியச் சாப்பாடு எப்போது என்று விசாரித்துக்கொண்டிருந்த சிலர். லிசா மேடைக்குக் கீழே மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள்.

ஏழெட்டு நீர்நிலைகள் முடிந்து, தாராவித் துண்டின் பெயர் வந்தபோது பின்கதவு திறந்தது. உள்ளே வந்தவர்களைப் பார்த்து லிசாவின் விரல் விசையிலேயே நின்றுவிட்டது. தெரசம்மாள், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கட்டும் வெள்ளைச் சேலையில். கூடவே, தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்ட பார்வதியம்மாள். மாட்டுங்கா மார்க்கெட் பக்கம் வந்தால் பூ வாங்காமல் போகமாட்டாள். இருவரும் கல்யாணத்துக்கு வந்தவர்கள்போல மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். அம்மா மகளை ஒரு பார்வை பார்த்தாள். அதன் அர்த்தம் லிசாவுக்கு விளங்கியது. நீ வாயைத் திறந்து எங்கள் பிழைப்பைக் கெடுத்துவிடக் கூடாது, அதைப் பார்த்துக்கொள்ளத்தான் வந்தேன்.

ஜெயராம் திரையில் ஓட்டிக் காட்டினார். கணக்கெடுப்பு, பதில்கள், மனிதத் தொடர்பு பதிவாகவில்லை, ஆகவே ஒரு வகுப்பு இறக்கலாம். ஆலைச் சங்கத்து ஆட்கள் தலையாட்டினார்கள். தலைவர் பொதுமக்களில் யாராவது உண்டா என்று கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அவருக்கு இரண்டு பெண்களைப் பார்த்ததில் சந்தோஷம். அந்தப் பக்கத்துக்காரர்களா, இவர்களையே கேட்டுவிடலாமே என்று இந்தியில் சொன்னார்.

ஜெயராம் மைக்கைப் பிடித்துத் தமிழில் கேட்டார். "அம்மா, நீங்க அந்தப் பக்கந்தானே? அந்தத் தண்ணியிலே யாராவது இறங்கறதுண்டா? பயப்படாம சொல்லுங்கோ."

தெரசம்மாள் எழுந்தாள். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். தமிழில் கேட்டவருக்கு இந்தியில், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி பதில் சொன்னாள். இல்லை சார், நாங்கள் அப்படிப்பட்ட ஆட்கள் இல்லை.

"ஒருத்தரும் இல்ல," என்று பார்வதியம்மாள் தமிழில் கையெழுத்துப் போட்டாள்.

தலைவர் நிம்மதியாகப் புன்னகைத்தார். பார்த்தீர்களா, விவரமான மக்கள், அங்கே இந்தத் தண்ணீரை ஒருவரும் தொடுவதே இல்லை, பேச்சு முடிந்தது என்றார். பேனாவை எடுத்து எதையோ டிக் செய்யப் போனார்.

அந்தப் புன்னகைதான் காரியத்தைக் கெடுத்தது. அம்மா உட்காரப் போனவள் உட்காரவில்லை என்பதை லிசா பார்த்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. வீட்டில் அந்த நரம்பு புடைத்தால் பாத்திரங்கள் தப்பாது.

"தொடலயா?" இப்போது தமிழ்தான் வந்தது. "நாங்க அதுல எறங்க மாட்டோம்னுதான் சொன்னேன். அது எங்க வீட்டுல ஏறாதுன்னு சொன்னேனா?"

ஜெயராம் மைக்கைத் தடவினார். "என்ன சொல்றேள்மா?"

"போன ஆடி அமாவாசைக்கு ராத்திரி முழுக்க மழை. கடலும் ஏறிக்கிட்டு. அந்தத் தண்ணி கதவத் தட்டிக்கிட்டா வந்திச்சு? கட்டில்ல கெடந்தவ எந்திரிச்சுக் கால வச்சா சளக்குன்னுது. அரிசி டின்னு மெதக்குது. எங்க சந்துக்குக் கடேசி வீட்டுல ஒரு பச்சப்புள்ளய மூணு நாளு பரண்ல போட்டு வளத்தாங்க. தண்ணி எறங்குன பெறகு சொவத்தக் கழுவி, பாத்திரத்தக் கழுவி, தலையணயக் காய வச்சி, அதுலதான் தல வச்சிப் படுத்தோம். தொடலங்காரு! அது எங்களத் தொடாம விட்டாத்தானே நாங்க அதத் தொடாம இருக்க?"

ஜெயராம் அதைச் சுருக்கி இந்தியில் சொன்னார். தலைவரின் முகம் சுளித்தது. அது வெள்ளம், அது வேறு டிபார்ட்மென்ட், அதற்கு வேறு கமிட்டி இருக்கிறது, இங்கே நீரின் பயன்பாட்டை மட்டும்தான் பார்க்கிறோம் என்றார். ஆலைச் சங்கத்து ஆள் ஒருவர், எதிர்காலத்தில் இந்த அம்மா வீட்டில் மீன் வளர்க்கலாம் என்று ஏதோ சொல்ல, பக்கத்திலிருந்தவர் சிரித்தார்.

ஜெயராம் மேடை விளிம்புக்கு வந்து குனிந்தார். "லிசா, அதை எழுதாதேம்மா. ஸ்கோப்ல வரலே. 'உள்ளூர் மக்கள் உறுதி செய்தனர்'னு போட்டுட்டு அடுத்ததுக்குப் போ."

திரையில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. லிசா அதைப் பார்த்துக்கொண்டே எழுந்தாள். எழுந்ததை அவளே கொஞ்சம் தாமதமாகத்தான் உணர்ந்தாள்.

"சார், நான் பேசணும்."

நீங்கள் கன்சல்டன்ட் தரப்பு அல்லவா என்றார் தலைவர்.

"இப்போ இல்ல." இந்தியில் சொன்னாள். பெயரைச் சொன்னாள். சந்தின் பெயர், கோலி என்கிற ஒற்றையறை வீட்டின் எண், எல்லாவற்றையும் சொன்னாள். சற்று முன் பேசியவர் என் அம்மா என்றாள். பின்னால் நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது. ஜெயராம் சாரின் முகத்தை அவள் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவாள்.

"நான் இருபத்தேழு வயசு வரைக்கும் அந்த வீட்டுல இருந்தேன். ஒவ்வொரு மழையிலயும் அந்தத் தண்ணி உள்ள வரும். அதை வெள்ளம்னு நீங்க வேற ஆபீசுக்கு அனுப்புறீங்க. அங்க போனா, தண்ணி மோசமா இருக்குன்னா அது தரத்தைப் பாக்குற உங்க கமிட்டியோட வேலைன்னு திருப்பி அனுப்புவாங்க. மனுஷ உடம்புல படுதான்னு பாக்குறதுதான் இந்தக் கமிட்டியோட வேலை. படுது. படுத்திருக்கும்போது படுது. அவங்க தப்பா பதில் சொல்லல. கேள்விதான் தப்பு. அந்தக் கேள்வியை எழுதினது நான்."

குரல் நடுங்கியது. பயத்தில் நடுங்குகிறது என்று அவர்கள் நினைத்திருக்கலாம். கன்னத்தில் அறைய முடியாத கைக்கு வரும் நடுக்கம் அது. பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு ஒன்று தெரிந்தது. பங்கார் கழுவுவதைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லப் போவதுமில்லை. மூன்று வருஷமாக அதைத் தன் வெட்கத்துக்காக மறைத்தாள். இன்றைக்கு அந்தக் கரையில் வேலி விழக் கூடாது என்று மறைத்தாள். இரண்டும் ஒரே மௌனம்தான், ஆனாலும் இந்த மௌனத்தோடு அவளால் நிமிர்ந்து நிற்க முடிந்தது.

பத்திரிகைக்காரர் முதல் தடவையாகப் போனைக் கீழே வைத்துவிட்டு எதையோ எழுதினார். தலைவர் அதைக் கவனித்தார். உறுப்பினர்களோடு கிசுகிசுத்தார். பிறகு சலிப்போடு, இந்தத் துண்டு மட்டும் இப்போதைக்கு இருக்கிற வகுப்பிலேயே இருக்கட்டும், மழைக்காலம் முடிந்து மறுபடி ஒரு கணக்கெடுப்பு நடத்துங்கள், அடுத்தது என்ன என்றார்.

அவ்வளவுதான். அடுத்தது செம்பூர்ப் பக்கத்து ஒரு குளம்.

மண்டபத்துப் படிக்கட்டில் ஜெயராம் அவளைப் பிடித்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீ செம்பூர்னு நெனச்சிண்டிருந்தேனேம்மா," என்றார், ஏமாற்றப்பட்டவரின் குரலில். "எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே. நான் என்ன வித்தியாசமாவா நெனச்சிருப்பேன்?"

நினைத்திருக்கமாட்டார் என்று அவள் நம்பினாள். முறுக்கு டப்பா அவள் மேஜைக்கும் வந்திருக்கும். கொஞ்சம் கூடுதல் கனிவோடு வந்திருக்கும். அந்தக் கூடுதல் கனிவை நினைத்ததும் அவளுக்கு மறுபடி பற்றிக்கொண்டு வந்தது. "மினிட்ஸ்ல எல்லாத்தையும் எழுதியிருக்கேன் சார். மெயில்ல அனுப்பிடுறேன்."

"திங்கக்கிழமை வா. பேசலாம்." அந்தப் பேச்சு எப்படி முடியும் என்று அவர் சொல்லவில்லை.

கீழே பூக்கடைகளுக்கு முன்னால் இரண்டு பெண்களும் காத்திருந்தார்கள். லிசா பக்கத்தில் வந்ததுதான் தாமதம், தெரசம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்குட்டி அட்ரச சொன்ன? கோலி நம்பர் மொதக்கொண்டு ஒப்பிக்கா! அந்தப் பேப்பர்காரன் போட்டுட்டா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு கோயிலுக்குப் போவேன்?"

"பின்ன, செம்பூர்னு சொல்லவா?"

"அவரு வேலைய விட்டு எடுத்துருவாரா?"

"எடுத்தாலும் எடுப்பாரு."

"எடுப்பாரா!" அம்மா அவள் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். பூக்காரர் திரும்பிப் பார்த்தார். "கூறுகெட்டவளே, எந்திரிச்சுப் பேசத் தெரிஞ்சவளுக்கு ஒக்காந்து இருக்கத் தெரியல. மழை கழிஞ்சு மறுபடி கேக்க வருவான்லா? அப்போ கேள்விய எவ எழுதுவா? வேற எவளாவது எழுதுவா. எறங்குவியான்னு திரும்பவும் கேப்பான். நான் திரும்பவும் இல்லன்னுதான் சொல்லுவேன், ஆமா. திங்கக்கெழம போயி அந்த நாற்காலியில ஒக்காரு."

"கால்ல விழச் சொல்லுதியா?"

"எவ ஒன்ன விழச் சொன்னா? போயி ஒக்காரு. போன்னு சொன்னா அப்போ எந்திரி."

மூவரும் மாட்டுங்கா ரோட் ஸ்டேஷன் பக்கமாக நடந்தார்கள். லிசா அம்மாவுக்கு இரண்டடி முன்னால் வேகமாக நடந்தாள். அறைபட்ட தோள் எரிந்தது. போகமாட்டேன் என்று சொல்ல நினைத்தாள். ஆனால் தலைக்குள் அதற்குள்ளாகவே சொற்கள் இடம் மாறி உட்கார்ந்துகொண்டிருந்தன. நின்று திரும்பினாள்.

"'இந்தத் தண்ணீர் உங்கள் வீட்டுக்குள் வருவதுண்டா'ன்னு கேட்டா?"

தெரசம்மாள் யோசித்தாள். "உண்டான்னு கேட்டா இல்லன்னுதான் சொல்லுவாளுக. எங்க வீட்டுக்குள்ள சாக்கடை வருதுன்னு எவளாவது வாயால சொல்லுவாளா? வருதுன்னு நீயே வச்சிக்கோ. எது வரைக்கும் வருதுன்னு கேளு. முட்டா, தொடையா, இடுப்பா? அப்போ பாரு."

"எங்க கேம்புல போன வருசம் இடுப்புக்கு வந்திச்சு," என்றாள் பார்வதியம்மாள்.

"எங்க வந்திச்சு? ஒங்க பக்கம் மேடு. முட்டத் தாண்டியிருக்காது."

"ஏன் மைனி, நான் நின்னேனா நீ நின்னியா? எங்க வீட்டு ஸ்விச்சு போர்டு வரைக்கும் வந்திச்சுங்கேன்!"

"ஒங்க ஸ்விச்சு போர்டு எந்த ஒசரத்துல இருக்குன்னு எனக்குத் தெரியாதாக்கும். எங்க வீட்டுல சேசு படத்துக்குக் கீழ ஒரு சாண்தான் மிச்சம்."

"ஒங்க சேசு படத்தத் தாழத் தொங்க விட்டிருப்பிய!"

ஸ்டேஷன் வாசலில் ஆட்கள் முட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு பெண்களும் வழியை மறித்து நின்று, நெஞ்சு உயரத்தில் கையை வைத்துக் காட்டி, உன் வீட்டுத் தண்ணீரா என் வீட்டுத் தண்ணீரா எது உசத்தி என்று சண்டை போட்டார்கள். லிசா பைக்குள் கைவிட்டுப் போனை எடுத்தாள். ஒவ்வொருவர் கையும் எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பார்த்து, நின்றபடியே தட்டத் தொடங்கினாள்.